பெருங்குடல் புற்றுநோய் நான்காம் நிலை: ஆயுட்கணிப்பையும் சிகிச்சையையும் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும், பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் கைபேசியை எடுத்து, இந்த நோய் வந்தவர்கள் எத்தனை ஆண்டு இருப்பார்கள் என்று தேடுவார். கிடைக்கும் விடை பெரும்பாலும் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும்: வேறு உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 5 ஆண்டுகளைக் கடப்பவர்கள் 100-க்குச் சுமார் 13 முதல் 15 பேர். தேடியவர் அதை யாரிடமும் சொல்ல மாட்டார்; நோயாளியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் மட்டும் அவர் நினைவில் வந்து நிற்கும்.

அந்த எண் தவறானதில்லை. ஆனால், எண்பது வயதில் படுத்த படுக்கையாகிச் சிகிச்சையே எடுக்க முடியாமல் போனவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். கல்லீரலில் இருந்த ஒரே கட்டியை அறுத்தெடுத்துவிட்டுப் பல ஆண்டுகளாக நலமாக நடமாடுபவரும் அதே கணக்கில் இருக்கிறார். உங்கள் வீட்டு நோயாளி இவர்களில் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதை நான்கு விவரங்கள் தீர்மானிக்கின்றன: பரவிய நோயை அறுத்தெடுக்க முடியுமா, கட்டியின் மரபணுக்களில் என்ன மாற்றம் இருக்கிறது, கட்டி பெருங்குடலின் எந்தப் பக்கத்தில் தோன்றியது, நோயாளியின் உடல் எவ்வளவு வலுவாக இருக்கிறது. இந்த நான்கும் தெரியும் முன்னர் ‘எவ்வளவு நாள்?’ என்று கேட்டால் எந்த மருத்துவராலும் பொறுப்பான பதிலைச் சொல்ல இயலாது. ஆகவே அந்த விவரங்களைத் திரட்டும் வரிசையிலேயே இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். மருத்துவமனை, செலவு பற்றிய பகுதிகள் தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுபவர்களுக்கானவை. மருந்தையும் அளவையும் முடிவுசெய்ய வேண்டியவர் உங்கள் புற்றுநோய் மருத்துவரே. அவரிடம் சரியான கேள்விகளோடு போய் உட்கார இந்தக் கட்டுரை உதவும்.

முதல் படி: அறிக்கைகளைச் சேர்த்தல்

ஒரு கோப்பு வாங்கி எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த கொலனோஸ்கோப்பி அறிக்கை, பயாப்ஸி அறிக்கை, மார்பு, வயிறு, இடுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எடுத்த கான்ட்ராஸ்ட் சிடி ஸ்கேன், சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த சிஇஏ என்னும் புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டு அறிக்கைகள் ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். சிடி ஸ்கேனின் குறுந்தகட்டைப் பலர் வீட்டிலேயே விட்டுவிட்டு அச்சிட்ட தாளை மட்டும் எடுத்துவருகிறார்கள். அறுவை மருத்துவருக்குப் படம்தான் முக்கியம். கட்டி எந்த ரத்தக் குழாயை ஒட்டி நிற்கிறது என்பதை அவர் தன் கண்ணால் பார்த்தே முடிவெடுப்பார்.

பயாப்ஸி எடுத்த சதைத் துணுக்கை ஆய்வகத்தில் மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதியளவு கூட இல்லாத சிறு வில்லையாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதைப் பிளாக் என்பார்கள். மரபணுப் பரிசோதனைக்கும், வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பதற்கும் அது வேண்டும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். பரிசோதனை முடிந்ததும் திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் ஓராண்டு கழித்துப் புதிய பரிசோதனை ஒன்று தேவைப்படலாம்.

அறிக்கையில் ‘அடினோகார்சினோமா’ என்ற சொல் இருக்கும். பெருங்குடலின் உட்படலச் சுரப்பி செல்களில் தோன்றிய புற்றுநோய் என்பது அதன் பொருள். பெருங்குடல் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய நோய், கல்லீரல் புற்றுநோய் ஆகிவிடாது. அங்கே வளர்வதும் பெருங்குடல் செல்களே; அதற்கான மருந்தும் பெருங்குடல் புற்றுநோய் மருந்தே. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதால்தான், நோய் பரவும் இடங்களில் கல்லீரல் முதலிடத்தில் இருக்கிறது. அடுத்து நுரையீரலும், வயிற்றறையின் உள்சவ்வான பெரிட்டோனியமும் வருகின்றன.

நான்காம் நிலைக்குள்ளும் மூன்று பிரிவுகள் உண்டு. ஓர் உறுப்புக்கு மட்டும் பரவியிருந்தால் 4ஏ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் 4பி, பெரிட்டோனியத்துக்குப் பரவியிருந்தால் 4சி. இந்த வரிசையில் போகப்போகக் கணிப்பு பொதுவாகக் கடினமாகிறது. ‘நான்காம் நிலை’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அறுத்தெடுக்க முடியுமா என்ற கேள்வி

இந்த நோயில் ஆயுளை மிக அதிகமாக மாற்றும் கேள்வி இதுவே. மற்ற பல புற்றுநோய்கள் வேறு உறுப்புக்குப் பரவிவிட்டால் அறுவைக்கு இடமே இருக்காது. பெருங்குடல் புற்றுநோய் அவற்றிலிருந்து வேறுபடுகிறது: கல்லீரலில் மட்டும், அல்லது நுரையீரலில் சில இடங்களில் மட்டும் பரவியிருந்தால், அந்தக் கட்டிகளை முழுமையாக அகற்றிக் குணமாக்கும் வாய்ப்பு சிலருக்கு இருக்கிறது. கல்லீரலுக்குப் பரவியவர்களில் முதல் ஸ்கேனிலேயே அறுவைக்குத் தகுதி பெறுபவர்கள் 100-க்குச் சுமார் 15 முதல் 20 பேர். முழுமையாக அகற்ற முடிந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள் என்பது அனுபவம் மிக்க மையங்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் முடிவு. அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பவும் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் திரும்ப வந்ததையும் மறுபடி அகற்றிக்கொண்டவர்கள் உண்டு.

கல்லீரல் வளரும் உறுப்பு. கட்டிகள் தவிர மற்றக் கல்லீரல் நலமாக இருந்தால் அதில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும், மிஞ்சும் பகுதி சுமார் 30 சதவீதம் இருந்தால் போதும். சில வாரங்களில் அது பெருத்துவிடும். எனவே ‘கல்லீரலில் ஐந்து கட்டிகள்’ என்று கேட்டதுமே கதை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. எத்தனை கட்டிகள் என்பதைவிட, எல்லாவற்றையும் எடுத்த பிறகு போதுமான கல்லீரல் நல்ல ரத்த ஓட்டத்தோடு மிஞ்சுமா என்பதே அறுவை மருத்துவர் பார்க்கும் கணக்கு. எட்ட முடியாத சிறு கட்டிகளை ஊசி வழியே வெப்பம் செலுத்திச் சுட்டழிக்கும் முறையும், துல்லியக் கதிர்வீச்சும் இதற்குத் துணையாகப் பயன்படுகின்றன.

முதலில் எடுக்க முடியாத கட்டிகள், இரண்டு மூன்று மாதக் கீமோவில் சுருங்கி எடுக்கத்தக்கவையாக மாறுவதும் உண்டு. இங்கேதான் பல குடும்பங்கள் வாய்ப்பைத் தவறவிடுகின்றன. ‘கீமோ நன்றாக வேலை செய்கிறது, தொடர்வோம்’ என்று எட்டு மாதம் ஓடிவிடுகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் நீண்டகாலம் கொடுக்கப்படும்போது கல்லீரலே சேதமடைந்து அறுவை ஆபத்தானதாகிவிடும். இன்னொரு பக்கம், சிறிய கட்டிகள் ஸ்கேனில் தெரியாமல் மறைந்துவிட்டால் அந்த இடத்தில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருந்தும் எங்கே வெட்டுவது என்று அறுவை மருத்துவருக்குத் தெரியாமல் போகும். ஆகவே கீமோ தொடங்கும் முன்பே ஸ்கேன் படத்தைக் கல்லீரல் அறுவையில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். முதல் மறுஸ்கேன் வந்ததும் அவரே மறுபடி பார்க்க வேண்டும். கீமோ மருத்துவர், அறுவை மருத்துவர், கதிரியக்க மருத்துவர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு உள்ள மருத்துவமனையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். ‘எங்கள் வழக்கு டியூமர் போர்டில் பேசப்பட்டதா, கல்லீரல் அறுவை மருத்துவர் என்ன சொன்னார்?’ என்ற ஒரு கேள்வியை மட்டுமாவது தயங்காமல் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான மனக்குறை ஒன்றையும் உறவினர்கள் சொல்வார்கள்: குடலில் இருக்கும் மூலக்கட்டியை ஏன் எடுக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது. பரவிய நோயை அகற்ற முடியாத நிலையில், குடற்கட்டியால் அடைப்போ ரத்தப்போக்கோ இல்லையென்றால், அதை மட்டும் வெட்டி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. ஜப்பானில் இதற்கென்றே நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், குடற்கட்டியை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தவர்களும் கீமோ மட்டும் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது இடைநிலையாக (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாக) 26 மாதங்கள், வாழ்ந்தார்கள். அறுவையால் கீமோ சில வாரங்கள் தள்ளிப்போவதுதான் மிச்சம். அடைப்பு இருந்தால் நிலைமை வேறு. அப்போது குடலைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் குழாயை வைப்பதோ, மலத்தை வயிற்றின் மேலுள்ள பைக்குத் திருப்பிவிடும் கொலாஸ்டமியோ உடனே தேவைப்படும்.

மூன்றாம் படி: மரபணுப் பரிசோதனைகள்

முதல் கீமோவுக்கு முன்போ, அதிகபட்சம் இரண்டாவது சுற்றுக்குள்ளோ கையில் இருக்க வேண்டிய முடிவுகள் நான்கு: எம்எஸ்ஐ, ராஸ், பிராஃப், ஹெர்2. இவற்றில் முதலில் கேட்க வேண்டியது எம்எஸ்ஐ. டிஎன்ஏவில் விழும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் எளிய பரிசோதனை வழியாகவும் இதை அறியலாம். செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. நான்காம் நிலை நோயாளிகளில் 100-க்குச் சுமார் 4 அல்லது 5 பேருக்கே இது ‘எம்எஸ்ஐ ஹை’ என்று வரும். ஆனால் வந்துவிட்டால் சிகிச்சைப் பாதையே மாறுகிறது. இவர்களுக்குக் கீமோவைவிட, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் சிறப்பாக வேலை செய்கின்றன. 307 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில், நோய் மறுபடி வளரத் தொடங்கும் வரையான இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதங்களாகவும் பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதங்களாகவும் இருந்தது. அந்த மருந்தைப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். நூறில் ஐந்து பேருக்குத்தானே என்று இந்தப் பரிசோதனையை விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஐவரில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

ராஸ் என்பது கே-ராஸ், என்-ராஸ் என்ற இரண்டு மரபணுக்கள். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதில் திடீர்மாற்றம் இருக்கும். இருந்தால் செட்டுக்சிமாப், பனிட்டுமுமாப் ஆகிய மருந்துகள் பயன்தராது; செலவும் பக்கவிளைவும் மட்டுமே மிஞ்சும். மாற்றம் இல்லாவிட்டாலும், கட்டி இடப்பக்கக் குடலில் தோன்றியிருந்தால்தான் இம்மருந்துகளை முதல் சிகிச்சையிலேயே சேர்ப்பார்கள். வலப்பக்கக் கட்டிகளுக்குப் பெவாசிசுமாப் என்ற மருந்து பொருத்தமாக இருக்கிறது. வலப்பக்கக் கட்டிகளின் கணிப்பு இடப்பக்கத்தைவிடச் சற்றுக் கடினம் என்பதும் உண்மையே.

பிராஃப் மரபணுவில் வி600ஈ என்னும் மாற்றம் 100-க்கு 8 முதல் 10 பேருக்கு இருக்கிறது. வேகமாகப் பரவக்கூடிய வகை இது. இதற்கென்று எங்கோராஃபெனிப், செட்டுக்சிமாப் இணைப்பு இப்போது வந்திருக்கிறது. ஹெர்2 என்னும் புரதம் மிகச் சிலருக்கே மிகுந்திருக்கும். அவர்களுக்கும் தனி மருந்துகள் உண்டு.

நான்காம் படி: கீமோவுக்குத் தயாராதல்

முதல் கட்டத்தில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி, கேப்பாக்ஸ் ஆகிய கீமோ மருந்து இணைப்புகளில் ஒன்று. முதல் இரண்டும் 14 நாளுக்கு ஒரு முறை. கேப்பாக்ஸ் 21 நாளுக்கு ஒரு முறை ஊசியும், வீட்டில் 14 நாள் கேப்பசிட்டபின் மாத்திரையுமாகும். ஃபோல்ஃபாக்ஸ் எடுப்பவர்களுக்குக் காரையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் மருந்து செலுத்தும் சிறு வாயிலான கீமோ போர்ட்டைப் பொருத்துவார்கள். மருத்துவமனையில் சில மணி நேர ஊசிக்குப் பிறகு, கைக்கு அடக்கமான ஒரு பம்ப்பை அதனோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது 46 மணி நேரம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே செலுத்தும். தூங்கும்போது அதைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொள்ளலாம். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து தோலில் கசிந்தால் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

தொடங்கும் முன் டிபிஒய்டி என்ற மரபணுப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி இரண்டிலும் உள்ள ஃப்ளூரோயூராசிலையும், கேப்பாக்ஸில் உள்ள கேப்பசிட்டபினையும் உடைத்து வெளியேற்றும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவு கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஃபோல்ஃபாக்ஸ், கேப்பாக்ஸ் இரண்டிலும் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி போட்ட சில நாள்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாலே விரல் நுனிகளில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுக்கும். குளிர்ந்த தண்ணீரை விழுங்கினால் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு திணறுவதுபோல் இருக்கும். அது பயமுறுத்தும் அனுபவமே தவிர, வெதுவெதுப்பான நீரைப் பருகினால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். சுற்றுகள் கூடக்கூடக் கை கால் மரத்துப்போவது நிலைக்கத் தொடங்கும். சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறினால் அதை ‘வயசாயிடுச்சு’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மற்ற மருந்தைத் தொடர்வது வழக்கத்தில் உள்ள முறையே. ஃபோல்ஃபிரியில் உள்ள இரினோட்டெக்கான் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும், அதை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை வீட்டில் இருக்க வேண்டும். கேப்பசிட்டபினால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரியும். செட்டுக்சிமாப் முகத்திலும் மார்பிலும் பருக்களைக் கொண்டுவரும். பெவாசிசுமாப் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பல்லைப் பிடுங்குவதானாலும் அறுவையானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவற்றைக் கண்டால் மறுநாள் ஓபி திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வயிறு உப்பி வாந்தியோடு காற்றுப் பிரியாமல் இருப்பது, கேப்பசிட்டபின் எடுக்கும்போதோ பம்ப் ஓடும்போதோ நெஞ்சுவலி, நிற்காத வயிற்றுப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது. கீமோ எடுக்கும்போது வரும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு இரவைக் கடத்துவது மிக ஆபத்தானது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கையில் ஒரு தொற்று சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவிவிடும்.

இரண்டு முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பலனைப் பார்ப்பார்கள். சிஇஏ அளவு ஒரு துணைத் தகவல் மட்டுமே. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் அது உயர்ந்துவிட்டுப் பின்னர் இறங்குவதும் உண்டு. புகைப்பிடிப்பவர்களுக்கு இயல்பிலேயே சற்று அதிகம். அந்த எண்ணை மட்டும் பார்த்து அழவோ கொண்டாடவோ வேண்டாம். நோய் கட்டுக்குள் வந்தால் சில மாதங்களுக்குப் பின் கேப்பசிட்டபினும் பெவாசிசுமாபும் மட்டுமான பராமரிப்புச் சிகிச்சைக்கு மாறலாம். மறுபடி வளர்ந்தால் இரண்டாம் கட்டத்தில் ஃபோல்ஃபாக்ஸ் எடுத்தவர் ஃபோல்ஃபிரிக்கு மாறுவார், ஃபோல்ஃபிரி எடுத்தவர் ஃபோல்ஃபாக்ஸுக்கு மாறுவார். அதற்கும் பிறகு டிரைஃப்ளூரிடின், டிபிராசில் மாத்திரையும் பெவாசிசுமாபும் சேர்த்துக் கொடுப்பது 2023-இல் வெளியான ஆய்வில் இடைநிலை ஆயுளை 7.5 மாதங்களிலிருந்து 10.8 மாதங்களாக உயர்த்தியது. ரெகோராஃபெனிப்பும் இந்தக் கட்டத்து மருந்தே. ஒவ்வொரு கட்டம் போகப்போகப் பலனும் குறைகிறது, உடல் தாங்கும் சக்தியும் குறைகிறது என்பதை மனத்தில் வைத்துத்தான் தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எண்ணை வாசிக்கக் கற்றல்

இப்போது கணிப்புக்கு வரலாம். மருத்துவர் சொல்லும் எண் பெரும்பாலும் மீடியன் எனப்படும் இடைநிலை அளவு. பாதிப் பேர் அதற்கு முன் இறந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதே அதன் பொருள்; அந்த மாதத்தில் எல்லாரும் இறந்தார்கள் என்பதில்லை. ஃப்ளூரோயூராசில் மட்டுமே இருந்த காலத்தில் இந்த நோயின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. இப்போதைய மருந்து இணைப்புகளோடு நடந்த பெரிய ஆய்வுகளில் அது சுமார் 30 மாதங்களை எட்டியிருக்கிறது. ஆய்வுகளில் சேர்க்கப்படுபவர்கள் பொதுவாக எழுந்து நடமாடும் வலு உள்ளவர்கள் என்பதால், பலவீனமாகிவிட்ட நோயாளிக்கு அதே எண்ணை அப்படியே பொருத்த முடியாது. இதனால்தான் மருத்துவர்கள் நோயாளி பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார், தானே குளிக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா என்று கேட்கிறார்கள். 0 முதல் 4 வரை இதற்கு மதிப்பெண் உண்டு. 0, 1 என்றால் முழுச் சிகிச்சை, 3, 4 என்றால் கீமோவே தீங்காகக்கூடும்.

‘எத்தனை மாதம்?’ என்று ஒற்றை எண் கேட்பதைவிட, ‘நல்லபடியாகப் போனால், வழக்கமாகப் போனால், மோசமாகப் போனால்’ என்று மூன்று எல்லைகளைக் கேட்பது சிறந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த புற்றுநோய் மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. இடைநிலை ஆயுளின் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் அடங்குவார்கள். பத்தில் ஒருவர் மூன்று மடங்கு அல்லது அதற்கு மேல் வாழ்வார். உங்கள் மருத்துவர் 24 மாதம் என்றால், வழக்கமான எல்லை 12 முதல் 48 மாதம் வரை, நல்ல எல்லை 6 ஆண்டுகள். மகளின் தேர்வு, நிலத்தின் பத்திரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை மோசமான எல்லைக்கு ஏற்பவும், சிகிச்சையை நல்ல எல்லைக்கு ஏற்பவும் திட்டமிடுங்கள். ஓராண்டு நல்லபடியாகக் கடந்தவருக்கு முதல் நாள் சொன்ன கணிப்பு பொருந்தாது. புதிதாகக் கேட்க வேண்டும்.

நோயாளியிடம் சொல்வது

‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், மனசு உடைந்துவிடுவார்’ என்று மகன் தனியாக உள்ளே வந்து கேட்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. அது அன்பினால் வருவதே. இருந்தாலும், சொல்லிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அல்சர் என்று சொல்லிக் கீமோ வார்டில் உட்கார வைத்த மனிதர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசியே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறார். பிறகு அவரும் குடும்பத்துக்காகத் தெரியாததுபோல் நடிக்கிறார், ஒரே வீட்டில் எல்லாரும் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். உயில் எழுதவும், பேச வேண்டியவர்களோடு பேசவும், கீமோவை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் உரிமை உள்ளவர் அவர்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. ‘உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? முழுவதும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லட்டுமா?’ என்று அவரையே முதலில் கேட்கலாம். ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவாக மதிக்கத்தக்கது. நோயின் பெயரைச் சொல்வது வேறு, மாதக்கணக்கைச் சொல்வது வேறு. இரண்டாவதை அவர் கேட்கும்போது சொன்னால் போதும்.

செலவும் இடமும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பிரிவில் பதிய வேண்டும். அட்டை இருந்தும், சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்காததால் கைப்பணம் செலவழித்தவர்கள் பலர். ஆகவே அனுமதி நாளிலேயே மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குப் போங்கள். எந்த மருந்து திட்டத்தில் அடங்கும், எது வெளியே வாங்க வேண்டியது என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரத்தில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி ஆகியவை பலரும் நாடும் இடங்கள். கல்லீரல் அறுவைக்கான கருத்தைப் பெரிய மையத்தில் பெற்று, கீமோவை வீட்டுக்கு அருகில் எடுத்துக்கொள்வது பயணக் களைப்பையும் செலவையும் மிச்சப்படுத்தும். பெவாசிசுமாபுக்கு இந்தியாவில் தயாராகும் பயோசிமிலர் (மூலமருந்துக்கு நிகரான) வகைகள் மூலமருந்தைவிட மலிவு, கேட்டால்தான் சொல்வார்கள். புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

வலி, உணவு, நாட்டு மருந்து

வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பேலியேட்டிவ் கேர் என்றாலே ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று அஞ்ச வேண்டாம். 2010-இல் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்த ஆதரவைப் பெற்றவர்கள் குறைவான கடுஞ்சிகிச்சையோடு நிம்மதியாக இருந்ததுடன், சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். வலி இருந்தால் மார்ஃபின் மாத்திரையைக் கேளுங்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை எளிதாகக் கொடுக்க முடிகிறது. வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது; மலச்சிக்கல் மருந்தைக் கூடவே தொடங்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி இருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

உணவில் தனிப் பத்தியம் எதுவும் இந்த நோயைக் குணமாக்காது. எடை குறையாமல் பார்ப்பதே நோக்கம்: முட்டை, மீன், பருப்பு, தயிர், இட்லி, கஞ்சி, எது இறங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். குடல் குறுகியிருப்பவர்கள் நார் மிகுந்த கீரைத்தண்டு, வாழைத்தண்டு போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வரும் செய்திகளுக்கு மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட ஆதாரம் கிடையாது. நாட்டு மருந்து எதை எடுத்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோவையும் கஷாயத்தையும் ஒரே கல்லீரல்தான் கையாள வேண்டியிருக்கிறது.

உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும்

நோயாளியைக் கவனிக்கும் பரபரப்பில் விடுபட்டுப்போவது இதுதான். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோர் 40 வயதில், அல்லது நோயாளிக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, இரண்டில் எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு 45 வயதில் தெரியவந்திருந்தால், மகளுக்கு 35 வயதில் முதல் பரிசோதனை. எம்எஸ்ஐ ஹை என்று வந்திருந்தாலோ, குடும்பத்தில் பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்கள் பலருக்கு வந்திருந்தாலோ, லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனையை மரபியல் ஆலோசகரிடம் கேட்க வேண்டும். அது உள்ளவர்களுக்குக் கொலனோஸ்கோப்பி இருபது வயதுகளிலேயே தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை தொடரும். நோயாளியின் பயாப்ஸி, மரபணு அறிக்கைகளின் நகல் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள். அவர்கள் பரிசோதனைக்குப் போகும் நாளில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.